உள்ளேயே இருக்கட்டுமா, வெளியிலிருந்து மாட்டலாமா?

படம், இசை, முப்பரிமாணம், விளையாட்டு என்று கணினியில் எதையாவது உருவாக்கிக்கொண்டிருப்பவர்களின் கேள்விகளுக்கான பகுதி இது. பதில் சொல்கிற நான், ஆட்-ஆன் எழுதிப் பிழைப்பவன். ஒரு மென்பொருளில் வெளியிலிருந்து மாட்டிக்கொள்ளும் கூடுதல் வசதிதான் ஆட்-ஆன்; ப்ளக்-இன், எக்ஸ்டென்ஷன் என்பதும் அதுவே. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் என் பிழைப்பைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டரின் 4.2 பதிப்புக்கு மாறினேன். லூப் டூல்ஸ், மரம் உருவாக்கும் சேப்ளிங் என்று நான் பயன்படுத்திய பல ஆட்-ஆன்கள் பட்டியலிலேயே இல்லை. இருந்ததை ஏன் பிடுங்க வேண்டும்?
*— ஓர் அனிமேஷன் மாணவி*

பிடுங்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறார்கள். முன்பு ப்ளெண்டரோடு கூடவே வந்துகொண்டிருந்த ஆட்-ஆன்களில் பெரும்பாலானவை, 2024 ஜூலையில் வந்த 4.2-இலிருந்து ப்ளெண்டரின் எக்ஸ்டென்ஷன்ஸ் இணையதளத்துக்குப் போய்விட்டன. ப்ரிஃபரன்ஸஸில் 'கெட் எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், இணைய அனுமதி கொடுத்துத் தேடினால் நீங்கள் கேட்ட இரண்டும் கிடைக்கும். ரிக்ஃபை, நோட் ராங்ளர் மாதிரி சில மட்டும் பழையபடி கூடவே வருகின்றன. வகுப்பறைக் கணினியில் இணையம் இல்லையென்றால், வேறொரு கணினியில் ஜிப் கோப்பாக இறக்கிக்கொண்டு வந்து 'இன்ஸ்டால் ஃப்ரம் டிஸ்க்' வழியாகப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் எரிச்சலான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், கூடவே வரும் ஆட்-ஆன் என்பது ஒரு ரெண்டுங்கெட்டான் நிலை. எழுதியது யாரோ ஒரு தன்னார்வலர். ஆனால் ப்ளெண்டருக்குள் இருப்பதால், அது உடைந்தால் புகார் போவது ப்ளெண்டர் குழுவுக்கு. எழுதியவருக்கோ நேரமில்லாமல் போயிருக்கும். நேரம் இருந்து அவர் திருத்தினாலும், அந்தத் திருத்தம் உங்கள் கைக்கு வர ப்ளெண்டரின் அடுத்த பதிப்பு வெளிவர வேண்டும். வெளியே போனால் எழுதியவரே தன் வசதிக்குப் புதுப்பிக்கலாம். ஆட்-ஆன் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது சரியான முடிவாகத்தான் படுகிறது.

அதே 4.2-இல் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது, அதையும் கவனியுங்கள். ஒரு படத்தை அதன் அளவுக்கே ஒரு தட்டையான பரப்பாகக் கொண்டுவரும் 'இமேஜஸ் ஆஸ் ப்ளேன்ஸ்' பல வருடங்களாக ஆட்-ஆனாக இருந்தது. ப்ளெண்டரை நிறுவியதும் முதல் வேலையாக அதற்கு டிக் போடுவது பலருக்குப் பழக்கம். எல்லோரும் டிக் போடுகிற ஒன்றுக்கு எதற்கு டிக்? அதை மூல நிரலுக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2022-இல் வந்த 3.1-இல், முப்பரிமாண மாடலை ஓ.பி.ஜே. வகைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வேலையை, பைத்தான் மொழியில் எழுதிய ஆட்-ஆனிடமிருந்து வாங்கி, வேகமாக ஓடும் சி++ மொழியில் புதிதாக எழுதினார்கள். பெரிய மாடலை ஏற்றுமதி செய்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், செய்து பாருங்கள். ஆட்-ஆன் பட்டியலில் 'சைக்கிள்ஸ்' என்று தேடுங்கள். ஆமாம், காட்சியைப் படமாக்கித் தருகிற, ப்ளெண்டரின் பெருமைக்குரிய ரெண்டர் எஞ்சின்தான், அங்கே ஒரு டிக் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். டிக்கை எடுத்தால் ரெண்டர் எஞ்சின் பட்டியலில் ஈவீயும் வொர்க்பெஞ்சும் மட்டும் மிஞ்சும். எது உள்ளே, எது வெளியே என்பது நாம் நினைக்கிற இடத்தில் கோடு போட்டு நிற்பதில்லை. (பார்த்தாயிற்றா? மறக்காமல் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ப்ளெண்டர் வழக்கமாக இந்த மாற்றத்தைத் தானாகவே சேமித்து வைத்துக்கொள்ளும்.)

கேள்வி: இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் எந்தெந்த ஆட்-ஆன் போட்டுக்கொள்ள வேண்டும்?
*— புதியவர்*

ஒன்றும் வேண்டாம். ஒரே வேலையைக் கையால் செய்து செய்து அலுத்துப்போகும்போது, எந்த ஆட்-ஆன் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய பாடல் ஒன்றை மறுபடி மிக்ஸ் செய்யக் கேட்டார்கள். ப்ராஜெக்டைத் திறந்தால் பாதி ட்ராக்கில் 'ப்ளக்-இன் இல்லை' என்று வருகிறது. அந்த ப்ளக்-இன்னைச் செய்தவர்களே இப்போது இல்லை. என்ன செய்வது?
*— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒலிக்கலவையாளர்*

முதலில் கெட்ட செய்தி. அந்த அமைப்புகள் உங்கள் ப்ராஜெக்ட் கோப்புக்குள் இப்போதும் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் படிக்க முடியாது. ப்ராஜெக்டைச் சேமிக்கும்போது உங்கள் ஆடியோ மென்பொருள் ஒவ்வொரு ப்ளக்-இன்னிடமும் 'உன் நிலவரத்தைக் கொடு' என்று கேட்கும். ப்ளக்-இன் ஒரு பூட்டிய பெட்டியைக் கொடுக்கும். மென்பொருள் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே ப்ளக்-இன்னிடம் ஒப்படைக்கும். சாவி ப்ளக்-இன்னிடம்தான். அது போனால் பெட்டி மட்டும் மிஞ்சும்.

செய்தவர்கள் போகாமலிருந்தாலும் தரை நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல், ஆடியோ ப்ளக்-இன்களுக்கான வி.எஸ்.டி. என்ற முறையைத் தன் இசை மென்பொருளான க்யூபேஸோடு கொண்டுவந்தது. இரண்டாம் தலைமுறை வி.எஸ்.டி. செய்வதற்குப் புதியவர்களுக்கு உரிமம் கொடுப்பதை 2018-இல் நிறுத்தியது. 2019-இல் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா பழைய 32-பிட் வகை நிரல்கள் எதையுமே ஓட விடவில்லை. 64-பிட்டுக்கு மாற்றப்படாத ப்ளக்-இன்கள் அந்தப் பக்கம் அப்படியே நின்றுபோயின.

இனி செய்யக்கூடியது. பழைய இயங்குதளம் உள்ள ஒரு கணினி எங்காவது கிடைத்தால், அதில் திறந்து ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்டோடு தனித்தனி ஒலிக்கோப்பாக வெளியே எடுங்கள். கிடைக்கவில்லையென்றால், பழைய மிக்ஸைப் பக்கத்தில் ஓடவிட்டுக் காதால் மறுபடி கட்டுவதுதான் வழி. வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்த வேலையிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த ப்ராஜெக்டை மூடுவதற்கு முன் ஒவ்வொரு ட்ராக்கையும் இரண்டு விதமாக எடுத்து வையுங்கள்: எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்டோடு ஒன்று. முக்கியமான ப்ளக்-இன் திரைகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஒப்புக்குச் செய்கிற வேலை மாதிரி தோன்றும். மறுபடி கேட்டு யாராவது வரும்போது பாருங்கள்.

எந்த ஆட்-ஆன் வாங்குவதற்கு முன்பும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்: நாளைக்கு இது இல்லாமல் போனால் என் கோப்பில் என்ன மிஞ்சும்? மாடலிங் ஆட்-ஆன் ஒன்று சாதாரண மெஷ்ஷை (மாடலின் வலைப்பின்னல் வடிவத்தை) விட்டுவிட்டுப் போகிறதென்றால், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அது இருந்தால்தான் கோப்பே திறக்கும் என்றால், ரெண்டு முறை யோசிக்க வேண்டும்.

கேள்வி: இதற்குத்தான் நான் ஆட்-ஆன் பக்கமே போவதில்லை. மென்பொருளோடு வருவது என்றைக்கும் இருக்கும் அல்லவா?
*— ஒரு அச்சு வடிவமைப்பாளர்*

அச்சு வேலை செய்கிறவர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? 2022-ஐ மறந்துவிட்டீர்களா? அதுவரை, அச்சு வண்ணங்களை வரையறுக்கும் பேண்டோன் நிறுவனத்தின் வண்ணப் புத்தகங்கள் (வண்ணப் பட்டியல்கள்) அடோபி மென்பொருள்களோடு கூடவே வந்துகொண்டிருந்தன. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான ஏற்பாடு மாறியதும் பெரும்பாலான புத்தகங்கள் வெளியே போய்விட்டன. வேண்டுமென்றால் பேண்டோன் கனெக்ட் என்ற ப்ளக்-இன்னைப் போட்டு, பேண்டோனுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வண்ணங்களை வைத்துச் செய்திருந்த சில பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறந்தவர்களுக்கு, வண்ணம் இருந்த இடத்தில் கறுப்பு தெரிந்தது. தொழிலில் உள்ளவர்கள் கொதித்துப்போனார்கள். நியாயமான கோபம்.

ஆக, 'உள்ளேயே இருக்கிறது' என்று மெனுவில் தெரிவதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது. அது யாருடைய சொத்து, எந்த ஒப்பந்தத்தில் உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டும். அடோபியின் வீடியோ மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பச்சைத் திரையை நீக்க உதவும் கீலைட், மோஷன் ட்ராக்கிங்குக்கான மோகா எல்லாம் வேறு நிறுவனங்கள் செய்து அடோபி கூடவே கொடுப்பவைதான். இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது: படத்தின் ஒரு பகுதியை ஏ.ஐ. கொண்டு நிரப்பும், 2023-இல் வந்த ஃபோட்டோஷாப் ஜெனரேட்டிவ் ஃபில் மாதிரி, பட்டன் உங்கள் திரையில் இருக்கும், வேலை நடப்பது எங்கோ இருக்கும் சர்வரில். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். எது நிஜமாகவே உள்ளே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஓவிய மென்பொருள் எழுதுகிறோம். தினமும் யாராவது ஒரு வசதி கேட்கிறார்கள். எதை உள்ளே வைப்பது, எதை ஆட்-ஆனுக்கு விடுவது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. ஏதாவது அளவுகோல் உண்டா?
*— மூவரில் ஒருவர்*

இந்தச் சண்டையை நன்றாகப் போடத் தெரிந்தவர்கள் கோடோ விளையாட்டு எஞ்சின்காரர்கள். அங்கே புது வசதி கேட்டு விண்ணப்பம் போட்டால், படிவத்திலேயே கேட்டுவிடுவார்கள்: இது அடிக்கடி பயன்படாதென்றால், சில வரி ஸ்க்ரிப்ட் எழுதிச் சமாளிக்க முடியாதா? இது ஏன் எஞ்சினுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆட்-ஆனாக இருந்தால் என்ன? கேட்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் இப்படி ஒரு படிவம் வையுங்கள், உங்கள் சண்டையில் பாதி குறையும்.

அவர்களிடம் நடந்த இரண்டு விஷயங்களைப் பாருங்கள். காட்சி வழியே நிரல் எழுதும் விஷுவல் ஸ்க்ரிப்ட் 2018-இல் 3.0-இல் உள்ளே வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் ஆள் போதவில்லை. 2023-இல் வந்த 4.0-இல் எடுத்துவிட்டார்கள். பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் ஜோல்ட் இயற்பியல் எஞ்சின் கதை நேர்மாறு. முதலில் அது வெளியே ஆட்-ஆனாக இருந்தது. ஆட்கள் அதைப் போட்டு நிஜ விளையாட்டுகளையே செய்து பார்த்துவிட்டார்கள். அப்புறம்தான் 2025 மார்ச்சில் 4.4-இல் உள்ளே வந்தது. வெளியே பழுத்ததை உள்ளே எடுப்பது சுலபம். உள்ளே வைத்ததை வெளியே எடுத்தால் வசவு விழும்.

ஆனால் எல்லாவற்றையும் வெளியே வைத்துப் பழுக்கவிட முடியாது. லேயர், அன்டூ, தூரிகை எஞ்சின், வண்ண மேலாண்மை, கோப்பு வடிவம் — இவையெல்லாம் மற்ற வசதிகள் காலூன்றி நிற்கிற இடங்கள். இவற்றை ஆட்-ஆனுக்கு விட்டால் ஆளுக்கொரு அன்டூ எழுதுவார்கள், எந்த ஆட்-ஆனும் இன்னொன்றோடு பேசாது. இதில் விவாதமே வேண்டாம், உள்ளேதான்.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். அங்கே நான் பார்ப்பது, அந்த வசதிக்கு உள்விவகாரம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை. இசைத் துறையிலிருந்து ஓர் உதாரணம். ப்ளக்-இன்னுக்கு ஒலி சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வந்து சேரும். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) என்றால், 512 சாம்பிள் கொண்ட ஒரு துண்டு 11 மில்லிநொடிகூட இல்லை. எக்கோ போட இது போதும். பாடகரின் சுருதியைத் திருத்தும் மெலோடைனுக்கு இது எப்படிப் போதும்? முழு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரிய வேண்டாமா? அதனால் பாடலை ஒரு முறை முழுக்க ஓடவிட்டு, ப்ளக்-இன்னுக்குள் பதிவு செய்துகொண்டு, பிறகுதான் திருத்த முடிந்தது. பாடகரின் ஒரு வரியை இடம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. 2011-இல் மெலோடைனைச் செய்யும் செலமனியும் ஸ்டூடியோ ஒன் என்ற இசை மென்பொருளைச் செய்த ப்ரீசோனஸும் சேர்ந்து ஏ.ஆர்.ஏ. என்ற இணைப்பைக் கொண்டுவந்த பிறகுதான், ப்ளக்-இன் மொத்த ஒலியையும் வேண்டிய இடத்தில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. இங்கே சுருதித் திருத்தம் உள்ளே வரவில்லை. அதற்கு வேண்டிய கதவு திறந்தது, அவ்வளவுதான். உங்களிடம் ஒரு வசதி கேட்டு வந்தால் முதலில் இதைத் தேடுங்கள்: கதவு ஒன்றைத் திறந்துவிட்டால் வேறு யாராவது இதைச் செய்துகொள்வார்களா?

கதவு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் ஓர் எக்ஸ்டென்ஷனை இயக்கினால், இங்க்ஸ்கேப் உங்கள் படத்தை எஸ்.வி.ஜி. என்ற வடிவில் தற்காலிகக் கோப்பாக எழுதும். தனியாக ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் அதைப் படித்து, மாற்றி, திருப்பிக் கொடுக்கும். இங்க்ஸ்கேப் அதை வாங்கி மறுபடி வரையும். பெரிய படம் என்றால் ஆமை வேகம். ஆனால் ஸ்க்ரிப்ட் செத்து விழுந்தாலும் இங்க்ஸ்கேப் பிழைத்துக்கொள்ளும். ஆடியோ ப்ளக்-இன் பெரும்பாலும் மென்பொருளுக்குள்ளேயே ஓடுவதால் வேகம் உண்டு, விழும்போது மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு விழுகிற ஆபத்தும் உண்டு. பிட்விக் மாதிரி சில இசை மென்பொருள்காரர்கள் ப்ளக்-இன்னைத் தனி ப்ராசஸில், அதாவது தனி நிரல் போல, ஓட்டி இதற்கு வழி செய்திருக்கிறார்கள். தூரிகை மாதிரி கையோடு கூடவே ஓட வேண்டியதற்கு முதல் வகைக் கதவு ஆகாது. நூறு படத்துக்கு ஒரே மாதிரி ஃப்ரேம் போடுவதற்கு அதுவே தாராளம்.

அப்புறம், கதவைத் திறக்க அவசரப்படாதீர்கள். திறந்துவிட்டால், அதை நம்பி எழுதியவர்களுக்கு நீங்கள் கடமைப்பட்டவர்கள். படத்தைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தபோது ப்ளக்-இன் எழுதும் முறையே மாறியிருந்தது. பைத்தான் 2-இல் எழுதிய பழைய ப்ளக்-இன்கள் அப்படியே ஓடவில்லை. மாற்றம் தேவையானதுதான், ஆனால் பராமரிக்க ஆளில்லாத ப்ளக்-இன்னை நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பார்த்து எழுதுவேன். அதில் தூரிகை எஞ்சின்கள், கருவிகள், ஃபில்டர்கள், கோப்பு இறக்குமதி எல்லாமே உள்ளுக்குள் ப்ளக்-இன்களாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. படம் வரைகிறவருக்கு இது தெரியவே தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் எழுதுகிறவருக்கு லாபம்: உங்கள் சொந்த வசதிகளையே உங்கள் கதவு வழியாக எழுதினால், கதவு எங்கே இடிக்கிறது என்பது வெளியாட்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் அப்படி ஓட்டிவிட்டு, பிறகு வெளியே அறிவியுங்கள்.

கேள்வி: நான் விற்றுக்கொண்டிருந்த ஆட்-ஆன் செய்யும் வேலையை, புதிய பதிப்பில் அவர்களே உள்ளே சேர்த்துவிட்டார்கள். இது திருட்டு இல்லையா?
*— சக தொழிலாளி*

வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் திருட்டு என்று சொல்ல மாட்டேன். 1990களின் நடுவில் ஃபோட்டோஷாப்பில் எழுத்துக்கு நிழல் விழச்செய்யவே ஏலியன் ஸ்கின் மாதிரியான நிறுவனங்களிடம் ப்ளக்-இன் வாங்கினார்கள். 1998-இல் 5.0-இல் லேயர் எஃபெக்ட் வந்தது. நிழல், ஒளிர்வு, புடைப்பு எல்லாம் ஒரே மெனுவில். அதுவும் எழுத்தைத் திருத்தினால் நிழலும் சேர்ந்து மாறுகிற மாதிரி. வெளியிலிருந்து மாட்டுகிற ஃபில்டரால் அன்றைக்கு அது முடியாது. எல்லோருக்கும் தேவைப்படுகிற ஒன்று என்றைக்காவது உள்ளே போகத்தான் செய்யும், விலை வைக்கும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணியமாக நடக்கவும் வழி இருக்கிறது. விளையாட்டு எஞ்சின் செய்யும் யூனிட்டி, எழுத்துகளைக் காட்ட உதவும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற ஆட்-ஆனை 2017-இல் தன்னுடையதாக்கிக்கொண்டு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது, எழுதியவரையும் சேர்த்துக்கொண்டது. உங்களுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வரவில்லை என்பதுதான் உங்கள் வருத்தம் என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

இனி என்ன செய்யலாம்? எல்லோருக்கும் தேவைப்படாததைச் செய்யுங்கள். நகை வடிவமைப்பவர், பல் செட் செய்பவர், தறியில் போடும் டிசைன் வரைபவர் — இவர்களுக்காகப் பொது மென்பொருள் எதுவும் மெனு ஒதுக்காது. கூட்டம் குறைவுதான், ஆனால் அவர்கள் பத்தோடு பதினொன்றாக வாங்குவதில்லை, தேடி வந்து வாங்குகிறார்கள். என் வீட்டில் உலை கொதிப்பதும் அப்படிப்பட்டவர்களால்தான்.

கேள்வி: முன்பின் தெரியாதவர் எழுதிய ஆட்-ஆனை நம்பிப் போடலாமா?
*— சந்தேகப் பேர்வழி*

சந்தேகம் நல்லதுதான். ப்ளெண்டர் ஆட்-ஆன் என்பது பைத்தான் நிரல். உங்கள் கணினியில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யலாம், கோப்பை அழிப்பது உட்பட. எக்ஸ்டென்ஷன்ஸ் தளத்தில் உள்ளவை, இணையம் வேண்டுமா, கோப்புகளைத் தொடுமா என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆனால் அது அறிவிப்பு மட்டுமே, வேலி இல்லை.

நான் செய்வது: ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் பைத்தான் கோப்புகளை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறப்பேன். இணைய முகவரி ஏதாவது இருக்கிறதா என்று 'ஹெச்.டி.டி.பி.' எழுத்துகளைத் தேடுவேன். நிரல் கண்ணுக்குப் புரியாத எழுத்துக் குப்பையாக மறைக்கப்பட்டிருந்தால் அங்கேயே மூடிவிடுவேன். பிறகு முக்கியமான வேலை எதுவும் இல்லாத கணினியில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஃபோட்டோஷாப் காரர்களுக்கு ஒரு குறிப்பு: ப்ளக்-இன் போட்ட பிறகு தகராறு என்றால், மென்பொருள் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே இருங்கள். வெளி ப்ளக்-இன்களை விட்டுவிட்டுத் திறக்கட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லிப் பாருங்கள், தகராறு போய்விட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.